தடுப்பில்லாத இழுப்பறை

கல்யாணத்துக்கு முன்பிருந்தே கிணறு கிணறாக இறங்கி ஏறிய மனிதர் சீனுவாசன். பாசி பிடித்த படிகள், ஆடுகிற இரும்பு ஏணிகள், இடுப்பில் கட்டிய ஒற்றைக் கயிறு என்று எதை எதையோ நம்பித் தொங்கி, மோட்டார்களைக் கழற்றி மேலே ஏற்றியிருக்கிறார். அங்கெல்லாம் ஒரு சிராய்ப்புகூடப் பட்டதில்லை. ஆனி மாதத்தில் ஒரு காலை, வேலையெல்லாம் முடிந்து கை கழுவிவிட்டு, வண்டி நிறுத்திய இடத்துக்கு நடந்து வரும்போது, முழங்கால் உயரம்கூட இல்லாத ஈர வரப்பில் வழுக்கி விழுந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் காலை ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். முதல் வாரம் மனைவி பாஞ்சாலிதான் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக் கிடந்தாள். திண்டிவனத்தில் இருந்த அவருடைய மோட்டார் ரிப்பேர் கடையில் வேலைக்கு விட்டிருந்தவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததில், அந்த வாரம் முழுக்க சீனுவாசனின் போன் ஓயவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றதும் எல்லாரும் ஐயோ என்றார்கள். எப்படி விழுந்தார், எந்தக் கால் என்று விசாரித்தார்கள். அப்புறம் குரலைக் கொஞ்சம் தணித்து, "நம்ம மோட்டாரு எந்த நெலமையில இருக்குது?" என்று கேட்டார்கள்.

மகள் அஸ்வினியை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே விழுப்புரத்தில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் ஒருநாள் மதியச் சோறு கொண்டுவந்தபோது அம்மாவை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"நீ திண்டிவனம் போம்மா. அப்பாவ நான் பாத்துக்கறேன். டிஸ்சார்ஜ் ஆனதும் எங்க ஊட்லயே கொஞ்ச நாளு இருக்கட்டும். நீ போயி கடையத் தொற. காயில் சுத்தறது உனுக்குத் தெரியாதா இன்னா?"

தெரியும். அஸ்வினி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்தே பாஞ்சாலி வீட்டில் உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். முதலில் மின்விசிறிக் காயில், அப்புறம் மோட்டார் காயில். செம்புக் கம்பியை எண்ணிச் சுற்றி, நாடா கட்டி, இன்சுலேஷன் பேப்பரை அளவாக வெட்டி மடித்து, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கணவனிடம் கொடுத்துவிடுவாள். மீதி வேலை கடையில் நடக்கும். கடைக்கு அவள் போவது ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க மட்டும்தான்.

மரக்காணம் ரோட்டில் இருந்தது கடை. ஷட்டரைத் தூக்கியதும் வார்னிஷ் வாடையும் கிரீஸ் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. ஒரு பெரிய மேசை, அதைச் சுற்றித் தரை தெரியாமல் மோட்டார்கள். சுவரோரம் பெயின்ட் டப்பாக்கள், ஹார்லிக்ஸ் பாட்டில்கள், சிமெண்டு சாக்குகள், ஆணியில் தொங்கும் மஞ்சள் பைகள். மனிதர் எதையும் தூக்கிப் போட்டதில்லை. எதையும் இரண்டு முறை ஒரே இடத்தில் வைத்ததும் இல்லை போலிருந்தது.

முதல் நாளே போன் போட்டாள்.

"ஏங்க, 6204 பேரிங் எங்க வச்சிருக்கீங்க?"

"சாமி படத்துக்குப் பின்னாடி ஒரு பிஸ்கெட் டப்பா இருக்கும் பாரு."

"பாத்துட்டேன். அதுல ஸ்குரூதான் கெடக்குது."

"அது பெரிய டப்பா. சின்ன டப்பாவப் பாரு. முருகர் பக்கம் இல்ல, அம்மன் பக்கம்."

அம்மன் பக்கம் இருந்தது. அடுத்த கால்மணி நேரத்தில் கெப்பாசிட்டருக்காக மறுபடி போன்.

"ஸ்டூலுக்கு அடியில ஒரு சாக்கு இருக்குதா? அதுக்குள்ள ஒரு மஞ்சப் பை. கைய உள்ள உடாத, பிளேடு இருக்கும். கீழ கொட்டிப் பாரு."

இப்படியே நாளெல்லாம் ஓடியது. அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு முறிந்து படுத்திருந்த விருத்தாசலம் என்ற பெரியவருக்கு நாலைந்து நாளில் கடை முழுக்க மனப்பாடமாகிவிட்டது. ஒருமுறை சீனுவாசனை டிரெஸ்ஸிங்குக்குக் கூட்டிப் போயிருந்தபோது போனை எடுத்து, "வாஷராம்மா? நீல டப்பாவுல இல்லன்னா ஜன்னல் கம்பில கோத்து வச்சிருப்பாரு, பாருங்க" என்றார் அவர். ஜன்னல் கம்பியில்தான் கோத்திருந்தது.

பாஞ்சாலிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வேலை நகரவில்லை. காயில் மாற்றுவது அரை நாள் வேலை என்றால், அதற்கான சாமான்களைத் தேடுவது இன்னொரு அரை நாளாக இருந்தது.

ஓமந்தூரிலிருந்து துரைக்கண்ணு வந்த அன்றுதான் அவளுக்கு மனம் விட்டுப்போயிற்று. துரைக்கண்ணு சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தவர். செடி பூத்து விழுது இறங்குகிற நேரத்தில் மோட்டார் காயில் எரிந்துவிட்டது.

"இன்னைக்கித் தண்ணி பாச்சியே ஆகணும்மா. மண்ணு காஞ்சி கட்டியா கெடக்குது. விழுது எப்படி இறங்கும்?" என்றார். காலை நேரத்திலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

காயில் முந்தின நாளே சுற்றியாகிவிட்டது. வார்னிஷும் காய்ந்துவிட்டது. தண்ணீர் உள்ளே கசியாமல் தடுக்கும் சீல் ஒன்றைப் போட்டு மூடினால் வேலை முடிந்தது. புது சீல் வாங்கி வைத்திருப்பதாக சீனுவாசன் சொல்லியிருந்தார். எங்கே என்று கேட்கப் போன் போட்டால் அணைத்து வைத்திருந்தது. அஸ்வினிக்குப் போட்டாள். அப்பாவை எக்ஸ்ரேவுக்கு உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள், வர நேரமாகும் என்றாள்.

பாஞ்சாலி தேடத் தொடங்கினாள். டப்பாக்களைக் கவிழ்த்தாள், பைகளை உதறினாள். பார்த்துக்கொண்டிருந்த துரைக்கண்ணுவும் பொறுக்கமுடியாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் மண்டி போட்டுவிட்டார். மதியம் தாண்டியும் கிடைக்கவில்லை. வெள்ளை வேட்டி கிரீஸும் கரியுமாக ஆகிவிட்டது. கடைசியில் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த மழைக்கோட்டை அவர் எதற்கோ நகர்த்தப்போக, அதன் பையில் கனமாக ஏதோ இடித்தது. பிரிக்காத அட்டைப் பெட்டியில் சீல்.

சாயங்காலம் சீனுவாசனிடம் சொன்னபோது, "ஆமா, அதுலதான் வச்சேன். ரப்பர் ஐட்டம், நனையக் கூடாதில்ல?" என்றார்.

போனை வைத்துவிட்டு பாஞ்சாலி ஸ்டூலில் உட்கார்ந்தாள். எதிரே மேசை. பழைய வாசற்கால் கட்டைகளை வைத்து யாரோ செய்து கொடுத்த மேசை அது. மேல்பலகைக்குக் கீழே, இரண்டு முன்கால்களுக்கு நடுவில், நல்ல அகலமான வெற்றிடம். அங்கே ஒரு இழுப்பறை இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. தோன்றிய கையோடு காயில் கட்டும் நாடாவை எடுத்து, இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் பிடித்து, அளவு வந்த இடத்தில் முடிச்சுப் போட்டாள்.

மரத்துக்குப் பஞ்சமில்லை. கடைக்குப் பின்புறம், மோட்டார் வந்திறங்கிய பெட்டிகளின் பலகைகள் அடுக்கிக் கிடந்தன. மேலே மழை பட்டுக் கறுத்திருந்தாலும் அடியில் இருந்தவை வெளுப்பாக, லேசாக இருந்தன. யாருடைய மஞ்சள் நீராட்டு விழாவுக்கோ வைத்த பேனரின் ரீப்பர், மெல்லிய மரச்சட்டம், ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அடிப்பாகத்துக்குத்தான் ஒன்றும் தேறவில்லை. வீட்டுப் பரணில் அஸ்வினியின் பழைய கேரம் போர்டு இருப்பது ராத்திரிச் சோறு வடிக்கும்போது நினைவுக்கு வந்தது. மேற்பூச்சு உரிந்துபோய், ஆட லாயக்கில்லாமல் கிடந்தது.

மறுநாள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நாலு கடை தள்ளி இருந்த ஆனந்தராஜின் பட்டறைக்குப் போனாள். கதவு, ஜன்னல் செய்கிறவன்.

"தம்பி, எனக்கு ஒரு டிராயர் வேணும்."

"துணிக்கடை அந்தாண்ட பக்கம் அண்ணி" என்றான் அவன், ரம்பத்தை நிறுத்தாமலே.

"அடச்சீ. மேசைக்குப்பா."

ஆனந்தராஜ் சிரித்தபடி ரம்பத்தை நிறுத்தினான். ஆவணி முகூர்த்தத்துக்குள் நாலு வீட்டுக் கதவு கொடுக்க வேண்டியிருந்தது அவனுக்கு. அடுத்த மாதம் செய்து தருகிறேன் என்றான்.

"நீ செய்யவாணாம். அறுத்துக் குடு போதும். நான் அடிச்சிக்கறேன்."

அவன் அவளை ஒருதரம் பார்த்தான். அப்புறம் முடிச்சுப் போட்ட நாடாவை வாங்கி டேப்பில் வைத்து அளந்தான். "ரெண்டு பக்கமும் ஒரு நூல் கம்மியா அறுக்கறேன். முட்டாம போய் வரணும்ல?" என்றான். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, பக்கத்துக்கு இரண்டு என்று பெட்டிப் பலகைகளை அறுத்துத் தந்தான். கேரம் போர்டின் சட்டத்தைக் கழற்றி, மூலை ஓட்டைகள் வராதபடி நடுவில் அறுக்கப் பார்த்தும் ஒரு ஓட்டை மட்டும் பலகையோடு வந்துவிட்டது. "அது இருக்கட்டும்" என்றாள் பாஞ்சாலி.

ஆணி அடித்ததும் முதல் பலகை நீளவாக்கில் பிளந்துவிட்டது. பெட்டி மரம் அவ்வளவு மென்மையானது. மறுபடி போய் நின்றாள். "டிரில் மெசினு கையிலயே வச்சிக்கினு நேரா ஆணி அடிச்சீங்களா? மொதல்ல ஓட்டை போடுங்க அண்ணி" என்றான் அவன். இரண்டாவது பலகைக்கு ஓட்டை போட்டு, பிசின் தடவி, ஸ்குரூ முறுக்கினாள். அது நின்றது. ஓரத்துக்கு ஓரம் சேர்ந்து, ஒரு பெட்டியின் உருவம் வந்தபோது அவளுக்கே நம்பமுடியவில்லை. கேரம் போர்டை அடியில் வைத்துத் தைத்தாள். அந்த ஒரு ஓட்டைக்கு வார்னிஷ் டப்பாவின் தகரத்தை வெட்டி ஒட்டுப் போட்டாள். மேசைக் கால்களின் உட்பக்கம் ரீப்பர் துண்டுகளைப் பொருத்தி, அவற்றின் மேல் பெட்டியை வைத்துத் தள்ளினாள்.

பாதி வரை சுகமாகப் போயிற்று. அதற்கு மேல் அசையவில்லை. தட்டினாள், உதைத்தாள், எண்ணெய் விட்டாள். வெளியே இழுக்கவும் முடியாமல் சிக்கிக்கொண்டது.

ஆனந்தராஜ் டீ குடிக்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்தான். குனிந்து, டேப்பை முன்னும் பின்னும் வைத்தான்.

"உங்க டிராயர் நேராத்தான் இருக்குது. மேசைதான் கோணல். முன்ன அகலமா, பின்ன ஒடுங்கிக் கெடக்குது. அரை இஞ்சு வித்தியாசம்."

"மேசைய எப்படிப்பா நேராக்கறது?"

"அதெல்லாம் வாணாம். பெட்டிய ஒடுங்கின அளவுக்குக் கொறச்சிருங்க. முன்னாடி முகத்துக்கு மட்டும் அகலமா ஒரு பலகை. சந்து இருக்கறது வெளிய தெரியாது."

எல்லாவற்றையும் கழற்றினாள். கழற்றும்போது அழுகை வருகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் மறுபடி பூட்டும்போது கை தானாகவே ஓடியது. எங்கே ஓட்டை போடவேண்டும், எவ்வளவு முறுக்கினால் மரம் முனகும் என்று அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. சறுக்கும் கட்டைகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுத் தள்ளினாள். கடைசி வரை போய் மெதுவாக முட்டி நின்றது. இழுத்தாள், வந்தது. தள்ளினாள், போனது. மோட்டாருக்குக் காத்திருந்த ஆள் ஒருவன் வாசலில் நின்று பார்ப்பதுகூடத் தெரியாமல் பத்துப் பதினைந்து தடவை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சில நாட்கள் சாயங்காலங்களில் டப்பா டப்பாவாகக் கொட்டிப் பிரித்தாள். மீந்த ரீப்பரைச் சன்னமாக அறுத்துத் தடுப்புகள் வைத்தாள். கிணற்று மோட்டார் சாமான் ஒரு பக்கம், போர் மோட்டாருடையது ஒரு பக்கம், மின்விசிறியுடையது ஒரு பக்கம். பேரிங்கைக் கழற்றும் கருவி ஒரே மாதிரி மூன்று கிடைத்தன. ஒன்று தொலைந்ததும் அடுத்தது வாங்கியிருக்கிறார், அதுவும் தொலைந்ததும் இன்னொன்று. காலியான டப்பாக்களைச் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாள். கடைக்கு ஒரு தரை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அது சிவப்புச் சிமெண்டுத் தரை.

இழுப்பறை வந்தபின் வேலை மளமளவென்று போனது. பாஞ்சாலி போன் செய்வது குறைந்தது, பிறகு நின்றேபோனது. சாப்பிட்டீங்களா, கால் எப்படி இருக்குது என்று ராத்திரி மட்டும் கேட்பாள். ஒருநாள் மதியம் சீனுவாசனே கூப்பிட்டார்.

"இன்னா, இன்னைக்கி ஒண்ணும் கேக்கல?"

"எல்லாம் கெடச்சிடுச்சிங்க."

"நாலு நம்பர் கேபிளு?"

"கெடச்சிடுச்சி."

"ஸ்லீவு? அது டியூப் லைட்டுப் பட்டி மேல இருந்திருக்கணுமே."

"அங்கதான் இருந்திச்சி. எடுத்துட்டேன்."

"சரி, வேலயப் பாரு" என்று வைத்துவிட்டார். இழுப்பறை பற்றி அவள் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும் என்று இருந்தாள். நேரில் பார்க்கும்போது அவர் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அவரை டிஸ்சார்ஜ் செய்து தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்த அஸ்வினி பேசினாள். "அப்பா ஒரு மாதிரியா இருக்காரும்மா. போன எடுத்து எடுத்துப் பாத்துக்கினே இருக்காரு. எங்க ஊட்ல டவரு கெடைக்கலியான்னு கேக்குறாரு."

"ஒரே எடத்துல ஒக்காந்திருக்காருல்ல, பேஜாராத்தான் இருக்கும்" என்றாள் பாஞ்சாலி.

ஆடி பாதியில் மருமகன் காரில் கொண்டுவந்து விட்டான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் தத்தித் தத்தி நடந்தார் சீனுவாசன். மெலிந்திருந்தார். வீட்டில் காபி குடித்த கையோடு கடைக்குப் போகவேண்டும் என்றார். ஆட்டோவில் ஏற்றி அழைத்துப் போனாள்.

கடை வாசலில் நின்று உள்ளே பார்த்தவர், யாரோ ஒருவருடைய கடைக்கு வந்துவிட்ட மாதிரி பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். உள்ளே வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்து, காலை நீட்டி மேசைக்கு அடியில் விட்டுக்கொண்டார். கை தானாகச் சாமி படத்துக்குப் பின்னால் போயிற்று. ஒன்றும் இல்லை.

"டப்பா எங்க?"

"டப்பா எல்லாம் போட்டுட்டேங்க. இதப் பாருங்க." பாஞ்சாலி இழுப்பறையை இழுத்தாள். அது நேராக வந்து அவர் தொடையில் இடித்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

"ஐயையோ, பட்டுடுச்சா?"

"இல்ல, இல்ல." வலி அடங்கியதும் குனிந்து பார்த்தார். தடுப்புகள், உள்ளே வரிசையாகப் பேரிங்குகள். "யாரு பண்ணது? ஆனந்தராஜா?"

"நான்தான். அவன் அறுத்துக் குடுத்தான்."

"ஓ" என்றார்.

அன்றைக்கு ஒரு மின்விசிறியை எடுத்து வைத்துக்கொண்டார். ஸ்குரூ தேடினார். அவர் அளவுப்படி தேடினார். அவளோ வேலைப்படி பிரித்து வைத்திருந்தாள். கால் மேல் இழுப்பறை வராதபடி உடம்பைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு தடுப்பாகத் துழாவினார். அவள் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி ஒன்று தேடினார், மறுபடி எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் ஷட்டரை இழுக்கும்போது பாதிச் சாமான்கள் மேசை மேலேயே குவிந்து கிடந்தன. பாஞ்சாலி அவற்றை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போடத் தொடங்கினாள்.

"நான் வச்சத எடுக்காத" என்றார் சீனுவாசன்.

"நாளைக்கித் தேடணுமேங்க."

"நான்தானே தேடப்போறேன்? என் கடையில ஒரு வாஷர் எடுக்க உன்னக் கேக்க வேண்டியதா இருக்குது."

அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளும் ஏதாவது பேசியிருப்பாள். மறுநாள், கால் வலிக்கிறது, நீ போய் வா என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

பாஞ்சாலிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பலகை பிளந்ததும், மேசை கோணலாய்ப் போனதும், கட்டைவிரல் நகம் கறுத்ததும் அவருக்கு என்ன தெரியும்? ஆனால் அன்று மதியம் ஒரு கெப்பாசிட்டரை எடுக்க இழுப்பறையைத் திறந்தவள் அப்படியே நின்றாள். தேடவே இல்லை, பார்க்காமலே கை போய் எடுத்தது. முந்தி இந்தக் கை அவருக்குத்தான் இருந்தது. மழைக்கோட்டில் சீல், ஜன்னல் கம்பியில் வாஷர் என்று அத்தனையும் அவர் தலைக்குள் ஒழுங்காக இருந்தது. கட்டிலில் அசையாமல் கிடந்தபோதுகூட அவரால்தான் கடை நடந்தது. அவள் போன் பண்ணாமல் போன நாளிலிருந்துதான் அவர் வெறும் நோயாளியாக ஆகியிருக்கிறார்.

இழுப்பறையைக் கழற்றி எறிய அவளுக்கு மனமில்லை. எறியவும் வேண்டாம் என்று பட்டது. மேசையின் இடது பக்கத்தைப் போய்ப் பார்த்தாள். அவர் உட்கார்ந்து காலை நீட்டினாலும் இடது கை எட்டுகிற இடம். அங்கேயும் வெற்றிடம் இருந்தது, கொஞ்சம் சின்னது.

மீந்திருந்த பலகைகளையும் ரீப்பரையும் டிரில்லையும் ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் முன்னால் இறக்கினாள்.

"இந்தப் பலகைய கொஞ்சம் ஆடாம புடிங்க."

"எதுக்கு?"

"புடிங்களேன்."

பிடித்தார். அவள் ஓட்டை போட்டாள், பிசின் தடவினாள், ஸ்குரூவை முறுக்கினாள். மூலை சேர்கிற இடத்தை அவர் விரலால் தடவிப் பார்த்தார். இரண்டாவது மூலைக்கு, "இரு, இப்படி வச்சா நேரா வரும்" என்று அவரே திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது மூலைக்கு டிரில்லை வாங்கிக்கொண்டார். நாலாவதில் ஸ்குரூ கோணலாக இறங்கியது. "சே" என்று அவரே கழற்றி மறுபடி போட்டார்.

"தடுப்பு எங்க?" என்று கேட்டார், அடிப்பலகையும் தைத்து முடிந்தபின்.

"இதுல தடுப்பு கெடையாது. இது உங்களுது. இடது கைப் பக்கம் வருது, கால்ல இடிக்காது. பேரிங்கு போடுங்க, பீடிக்கட்டு போடுங்க, எது வேணும்னாலும் போட்டுக்கோங்க. நான் தொறக்கவே மாட்டேன்."

சீனுவாசன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே ஒருதரம் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஆஸ்பத்திரில நீ போன் பண்ணிக்கினே இருந்தியே, அப்ப கால் வலியே தெரியல. அந்த விருத்தாசலமும் நானும் அடுத்தது இன்னா கேப்பன்னு பேசிக்கினு இருப்போம். திடீர்னு நின்னுபோச்சி."

"எல்லாம் கைக்குக் கெடச்சிடுச்சி. அதான்."

"டிராயர் பண்றேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? மேசை கோணல்னு நான் சொல்லியிருப்பேன். அது செஞ்சி வந்தப்பவே எனக்குத் தெரியும்."

பாஞ்சாலி வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு நாள் பூரா அதோட மல்லுக்கட்டினேங்க" என்றாள். கறுத்த நகத்தைக் காட்டினாள். அவர் அந்த விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரிங்கு கழட்டற கருவி மூணு வச்சிருக்கீங்க, தெரியுமா?" என்றாள் அவள்.

"நாலு" என்றார் அவர். "ஒண்ணு மொபெட் டிக்கியில இருக்குது."

ஆவணியில் அவர் தினமும் கடைக்கு வரத் தொடங்கினார். கிணற்றில் இறங்க இனிமேல் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு ஆட்களைப் பிடித்துக்கொண்டு பாஞ்சாலி போய்வந்தாள். மேலே நின்று கயிற்றையும் சங்கிலியையும் பார்த்து, மோட்டாரை ஏற்றுவது அவள் வேலை. பிரித்து, கழற்றி, மூடுவது அவர் வேலை. காயிலை இருவரும் சுற்றினார்கள். இடது பக்கத்து இழுப்பறைக்குள் என்ன இருந்தது என்று பாஞ்சாலி பார்த்ததில்லை. இழுக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஒருநாள் மட்டும் ஆனந்தராஜ் ஒரு ரீப்பர் துண்டோடு வந்து, அண்ணன் கேட்டாரு என்று கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே எங்கோ ஒரே ஒரு தடுப்பு மட்டும் வைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவள் கேட்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் கணுக்கால் தண்ணீர். மோட்டாரைத் தேடி ஒருவரும் வரவில்லை. நிலத்தில் எல்லாம் தானாகவே தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் காலையில் இரண்டு இழுப்பறைகளும் ஊறிப்போய்த் திறக்க வரவில்லை. சீனுவாசன் தன்னுடையதை இழுத்துப் பார்த்தார். பாஞ்சாலி தன்னுடையதை இழுத்துப் பார்த்தாள்.

"மரம் உப்பிடுச்சி. வெயிலு வந்தா வெளிய எடுத்து ரெண்டு ஓரத்தையும் லேசா இழைச்சி உட்டாப் போதும்" என்றார் அவர். "ஆனந்தராஜுகிட்ட இழைப்புளி வாங்கி நானே பண்றேன். இப்ப உடு. யாரு வரப்போறா?"

எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசல் பக்கமாக ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவளுக்கும் ஒன்றை இழுத்துப் போட்டார். ஷட்டருக்கு வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு அஸ்வினி வீட்டுக்கு எந்த பஸ்ஸில் போவது என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.